பரணில் கிடைத்த பழைய கருவி எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தத்தில் எங்கள் ஆயா வீட்டு ஓட்டைப் பிரித்தபோது, பரணில் பழைய சாக்கில் சுற்றிய ஓர் இரும்பு கிடைத்தது. வில் மாதிரி வளைந்த நீளமான பட்டை, இரண்டு முனையிலும் மரப் பிடி. வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. நான் காட்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக இரும்போடுதான் பிழைப்பு. எனக்கே அது பிடிபடவில்லை. அது எதற்கானது என்று தெரிந்துகொள்ள ஏழெட்டு மாதம் ஆனது. அந்த அலைச்சலைப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுச் சாமான்களையும் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேட்டது ஒரே மாதிரிக் கேள்விகள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏதோ ஒரு பழைய சாமான் கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதுவும் செய்யாதீர்கள். முக்கியமாகக் கழுவாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், புளி போட்டு விளக்காதீர்கள். நம் வீடுகளில் பழைய பித்தளையைக் கண்டால் உடனே புளியைத் தேடுகிறோம். அந்த அழுக்கில்தான் பாதி விடை இருக்கிறது. பிடியின் சந்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடி, பல்லிடுக்கில் காய்ந்த நார், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாமே சாட்சி. தேய்த்துவிட்டால் சாட்சி போய்விடும், திரும்ப வராது.

அப்புறம், அது எங்கே கிடந்தது, எதோடு சேர்ந்து கிடந்தது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். மாட்டுக் கொட்டகை எரவாணத்தில் சொருகியிருந்ததும், சமையலறைப் பானைக்குள் கிடந்ததும் ஒன்றில்லை.

என்னவெல்லாம் அளக்க வேண்டும்?

நீளம், அகலம், கனம், எடை. பழைய செய்தித்தாளின் மேல் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். போட்டோவில் தெரியாத வளைவு அந்தக் கோட்டில் தெரியும். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஓர் ஸ்கேல் இருக்கட்டும். காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பித்தளை, வெண்கலம், செம்பு எதிலும் ஒட்டாது.

இது முழுக் கருவியா, ஏதோ மெஷினின் துண்டா?

இதைக் கேட்காமல் விட்டுத்தான் பலர் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். கருவி என்றால் அதில் கை வைக்க ஓர் இடம் இருக்கும். மெஷினின் துண்டு என்றால் போல்ட் ஓட்டை இருக்கும், ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகக் கடைந்திருக்கும், வெளியே தெரியாத பக்கத்தை மணல் அச்சில் வார்த்தபடியே சொரசொரப்பாக விட்டிருப்பார்கள்.

போளூர் பக்கத்திலிருந்து ஒருவர், நீள ஓட்டைகள் போட்ட அரை வட்டத் தகடு ஒன்றும், அடியில் பல் வைத்த வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றும் கொண்டுவந்தார். ஏதோ போர்க் கருவி என்று நினைத்திருந்தார். கை வைக்க இடமே இல்லை, போல்ட் ஓட்டை மட்டும் நான்கு. அது கையால் ஆட்டி மல்லாட்டை (வேர்க்கடலை) உடைக்கும் மெஷினின் துண்டு. மேலே ஒரு நீளக் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பல் வைத்த இரும்பு காயை அந்தச் சல்லடைத் தகட்டின் மேல் அரைத்து உடைக்கும். பருப்பும் தோலும் ஓட்டை வழியாகக் கீழே விழும், அப்புறம் முறத்தில் புடைத்துக்கொள்ள வேண்டும். வடஆர்க்காடு முழுக்க மல்லாட்டைக் காடாக இருந்த பூமி. இந்த மெஷினின் துண்டுகள் இங்கே கிடைப்பதில் ஆச்சரியமே இல்லை.

எவ்வளவு பழையது என்று எப்படித் தெரியும்?

துருவைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். ஈரத்தில் போட்ட புது இரும்பு இரண்டே மழையில் நூறு வயதுக் கோலத்துக்கு வந்துவிடும்.

செய்த விதத்தைப் பாருங்கள். கொல்லன் அடித்த இரும்பில் சம்மட்டி பட்ட மேடு பள்ளம் இருக்கும், இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒத்துவராது. வார்ப்பில் அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோடு மெல்லியதாக ஓடும். தட்டிப் பார்த்தால் அடித்த இரும்பு கணீரென்று இருக்கும், வார்ப்பிரும்பு மந்தமாகச் சத்தம் கொடுக்கும். பழைய கத்திகள் பலவற்றில் உடம்பு சாதா இரும்பு, வெட்டும் விளிம்பு மட்டும் எஃகு. இரண்டையும் உலையில் சேர்த்து அடித்த கோடு, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். கரண்ட் வெல்டிங் வைத்த தழும்பு இருந்தால் அந்த இடம் பிற்காலத்து வேலை. ஆனால் ரிப்பேர் மட்டும் புதிதாக இருக்கலாம், கருவி பழையதாகவே இருக்கலாம்.

தேய்மானத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

நிறையச் சொல்லலாம். கருவியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கை படும் இடம் மெழுகு போட்டது மாதிரி பளபளக்கும். வேலை செய்யும் இடம் தேய்ந்து மெலியும். இந்த இரண்டும் எங்கே என்று தெரிந்துவிட்டால், அந்த ஆள் அதை எப்படிப் பிடித்திருப்பான், தள்ளினானா இழுத்தானா, நின்றானா உட்கார்ந்தானா என்பது வரை கண்ணில் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கருவியைக் கையில் எடுங்கள். விரல் தானாகப் போய் உட்காரும் பள்ளங்கள் இருக்கும். யாரோ ஒருவரின் கை இருபது வருடம் தோண்டிய பள்ளம் அது.

உங்கள் வீட்டு இரும்பு என்ன என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

நுனிக்கு நுனி 21 அங்குலம், எடை 1 கிலோ 300 கிராம். முதலில் பார்த்த தச்சர், மரம் சீவும் கத்தி என்றார். இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துச் சீவும் கத்தி ஒன்று உண்டுதான். அவரே பிடியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இழுக்கிற கத்தியா இருந்தா ரெண்டு பிடியும் நம்ம பக்கமா மடங்கி இருக்கணும். இது கத்தியோட நேரா போகுது" என்றார். சரி, அப்படியென்றால் இது தள்ளுகிற கருவி. அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

இரண்டாவது துப்பு விளிம்பு. வளைவின் வெளிப்பக்கம் கூர்மையாகத் தீட்டியிருந்தது. உள்பக்கம் வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. ஒரு பக்கம் அறுக்க, இன்னொரு பக்கம் சுரண்ட. மூன்றாவது துப்பு, பிடிக்கும் இரும்புக்கும் நடுவே இருந்த வெள்ளைப் பொடி. ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டேன். நுரைத்தது. சுண்ணாம்பு. ஆனால் வெள்ளையடிக்கும்போது பரணில் தெறித்த சுண்ணாம்பும் இப்படித்தான் நுரைக்கும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவில்லை.

வளைவு, தள்ளுவது, அறுப்பது, சுரண்டுவது, சுண்ணாம்பு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்தபோது, பேரணாம்பட்டு பஸ்ஸில் போகும்போது மூக்கைத் துளைக்கும் அந்த வாசனைதான் ஞாபகத்துக்கு வந்தது. தோல் பதனிடும் டேனரி.

பேரணாம்பட்டில் ஒரு டீக்கடையில், டேனரியில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள் காலையில் உட்காருவார்கள் என்று சொன்னார்கள். சாக்கைப் பிரித்ததும் ஒரு பாய் கையை நீட்டி வாங்கினார். "இத்த எங்கேர்ந்து கொண்டாந்தே தம்பி?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து நின்று, வயிற்றை பெஞ்சு விளிம்பில் சாய்த்து, இரண்டு கையாலும் அதைக் கீழ்நோக்கித் தள்ளிக் காட்டினார். எட்டு மாதக் கேள்விக்கு அரை நிமிடத்தில் உடம்பாலேயே பதில் சொல்லிவிட்டார். தோலில் ஒட்டியிருக்கும் சதையை எடுக்கிற கத்தி.

அவர் சொன்ன வேலை முறை இது. பச்சைத் தோலை ஊறவைத்து உப்பும் அழுக்கும் போக அலசி, சுண்ணாம்புக் குழியில் போடுவார்கள். சில நாளில் முடி இளகும். சரிவாக நிறுத்திய, முதுகு உருண்ட ஒரு கனமான கட்டையின் மேல் தோலை விரித்து, மேல் ஓரத்தை வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மழுங்கிய பக்கத்தால் முடியைத் தள்ளி எடுப்பார்கள். திருப்பிப் போட்டு, கூரான பக்கத்தால் சதையையும் கொழுப்பையும் அறுத்து எடுப்பார்கள். கட்டையின் முதுகு உருண்டிருப்பதால்தான் கத்தியும் வளைந்திருக்கிறது. அதற்குப் பிறகு சுண்ணாம்பை நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய், எண்ணெய். இப்படிப் பதப்படுத்திய தோல்தான் மெட்ராஸ் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போனது. பின்னால் ஆவாரம்பட்டைக்குப் பதிலாக வெளிநாட்டு வாட்டில் பட்டை வந்தது. 1970களில் அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கமெல்லாம் பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிடும் குரோம் முறை வேகமாகப் பரவியது, சதை எடுக்க மெஷின் வந்தது. டேனரிக் கழிவால் பாலாறு என்ன ஆனது என்பதும், அதற்காக 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரியவர் தன் உள்ளங்கையைக் காட்டினார். சுண்ணாம்பு தின்ற வெடிப்பு, வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் ஆறவில்லை.

அது உங்கள் தாத்தா பயன்படுத்தியதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பழைய இரும்புக் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாமே?

நல்ல கேள்வி, நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களுக்குத் தெரிந்த தாத்தா குடியாத்தத்தில் லுங்கித் தறி நெய்தவர். டேனரிப் பேச்சே வீட்டில் கிடையாது.

ஆனால் கத்தியின் இடது பிடிதான் அதிகம் தேய்ந்திருந்தது, விளிம்பும் இடது பக்கம் சாய்ந்து மெலிந்திருந்தது. தாத்தா இடது கைக்காரர். சாப்பாடு மட்டும்தான் வலது கை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தன் தகப்பனார் கல்யாணத்துக்கு முன்னால் "மேற்கே வேலைக்குப் போயிருந்தார்" என்று ஆயா சொல்வாள், எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள் என்றாள். குடியாத்தத்துக்கு மேற்கே இருப்பது பேரணாம்பட்டு. அந்தக் காலத்தில் தோல் வேலை என்றால் பெண் கொடுக்கத் தயங்குவார்கள். மறைத்திருக்கிறார், ஆனால் கத்தியை எறியவில்லை. எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி, தன் தலைக்கு மேலேயே அறுபது வருடம் வைத்திருந்திருக்கிறார்.

ஏர் ஓட்டும்போது நிலத்தில் சின்ன இரும்புத் தகடுகள் கிடைக்கின்றன. அவரை விதை மாதிரி வளைவு, ஓரத்தில் ஓட்டை. காசா?

மாட்டு லாடம். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, ஒரு மாட்டுக்கு எட்டு. குதிரைக்கு மட்டும்தான் காலுக்கு ஒன்றாக வளைந்த லாடம். தார் ரோட்டில் வண்டி இழுத்த மாடுகள் நிலத்துக்கு வரும்போது கழன்று விழுந்தவை இவை. சுற்றிலும் தேடினால் சதுரத் தலை ஆணியும் கிடைக்கும்.

இரண்டு மரக் கோல், ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருக்கிறது. உள்பக்கம் கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறது.

அநேகமாகப் பனையேறிகளின் இடுக்கி. பாளையை இரண்டு கோலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பக்குவப்படுத்தினால்தான் சாறு சுரக்கும். கறுப்பு அந்தச் சாறு காய்ந்தது. கூடவே அகலமான, சவரக் கத்தி மாதிரி கூரான அரிவாளும், சுண்ணாம்பு வைக்கும் சிறு குடுவையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 1937ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939ல் வடஆர்க்காட்டுக்கும் வந்தது. கள் இறக்கியவர்கள் வீட்டில் இந்தச் சாமான்கள் ஏன் பரணில் கண்மறைவாகக் கிடக்கின்றன என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நெசவு செய்த வீடு. கழிகளும் பலகைகளும் நிறைய இருக்கின்றன. எது எது?

குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை எல்லோருக்கும் தெரியும். பலர் தடுமாறுவது, இரண்டு முனையிலும் ஊசி வைத்த குறுக்குக் கழியில். நெய்த துணி அகலம் சுருங்காமல் இருக்க இரண்டு கரையிலும் குத்தி விறைப்பாக இழுத்துப் பிடிப்பது அது. சீப்பு மாதிரி நெருக்கமாக மெல்லிய குச்சிகள் வைத்துக் கட்டியது பன்னை. பழைய பன்னைகள் நாணலில் இருக்கும், பிறகு வந்தவை இரும்புக் கம்பியில். ஓர் அங்குலத்தில் எத்தனை பல் என்று எண்ணினால் எந்த நைசுத் துணி நெய்தார்கள் என்று தெரியும். ஆரணிப் பட்டுக்கான பன்னையும் குடியாத்தம் லுங்கிக்கான பன்னையும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

எடைக்கல் மாதிரி இருக்கிறது, ஆனால் எந்தக் கிராம் கணக்கிலும் வரவில்லை.

வராது. தோலாவில் போட்டுப் பாருங்கள். ஒரு தோலா 11.66 கிராம், பழைய வெள்ளி ரூபாயின் எடையும் அதுதான். 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை. உங்கள் கல் 280 கிராம் பக்கம் இருந்தால் சேர், 1 கிலோ 400 கிராம் பக்கம் இருந்தால் வீசை. தேய்மானத்தில் கொஞ்சம் குறையும். மெட்ரிக் அளவை 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக 1962க்குள் கட்டாயமானது, அதனால் உங்கள் கல் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ௧, ௨, ௩ என்று தமிழ் எண் வெட்டியிருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பெயரை விடுங்கள், வேலையைக் கேளுங்கள். நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் பேசுகிறோம். ஒரே கருவிக்கு மூன்று பெயர் இருக்கும், ஒரே பெயர் மூன்று கருவிக்கும் இருக்கும். "இது பேர் என்ன?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "இத்த வெச்சு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். கை பதில் சொல்லும்.

யாரிடம் காட்டலாம்?

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். உழவு, வண்டி, மாடு சம்பந்தப்பட்டது எதுவானாலும் அங்கே வரும் பெரியவர்களில் ஒருவருக்காவது தெரியும். இரும்பு என்றால் கொல்லுப் பட்டறை. சமையல் சாமான் என்றால் உங்கள் வீட்டுக் கிழவிகளைவிட்டால் ஆள் இல்லை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம் முதலில் போங்கள். பேரணாம்பட்டில் எனக்குச் செய்து காட்டிய பாய் அடுத்த ரம்ஜானுக்கு இல்லை. நான் ஆறு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் இந்தப் பக்கமே எழுதியிருக்க முடியாது.

ஜவ்வாது மலைப் பக்கம் வழவழப்பான முக்கோணக் கல் கிடைத்தது. ஆயுதமா, சாமிக் கல்லா?

இரண்டுமாக இருக்கலாம். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது புதிய கற்காலத்து மக்கள் வாழ்ந்த இடம் வெளிப்பட்டது. தேய்த்து மெருகேற்றிய கல் கோடரி அவர்களுடைய கருவி. மலை ஊர்களில் நிலத்தில் கிடைத்த அத்தகைய கற்களை ஒன்றாக அடுக்கிப் பிள்ளையாராகக் கும்பிடுகிறார்கள். கும்பிடும் இடத்திலிருந்து ஒன்றைக்கூட எடுக்காதீர்கள்.

மண்ணில் புதைந்து கிடைத்த பொருளுக்குச் சட்டமும் உண்டு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் சொன்னாலே வழி காட்டுவார்கள். பரணில் கிடைத்த தாத்தாவின் கத்திக்கு இதெல்லாம் தேவையில்லை.

துருவை எப்போது எடுக்கலாம்?

என்ன கருவி என்று தெரிந்து, படம் எடுத்து முடித்த பிறகு. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் துடையுங்கள். மரப் பிடியில் மண்ணெண்ணெய் படக்கூடாது. பொடியாக உதிரும் துரு போனால் போதும், அடியில் இருக்கும் கறுப்புப் பூச்சு இரும்பைக் காப்பாற்றும். அதைக் கிரைண்டரில் விட்டுப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஈரம் போகக் காயவைத்து மெல்லிய மெஷின் ஆயில் ஒரு கோட்டு, அவ்வளவுதான்.

எவ்வளவுக்கு விற்கலாம்?

இரும்பு எடைக்கு என்ன தருவார்களோ அது. அலங்காரத்துக்கு வாங்குபவர்கள் கொஞ்சம் கூடத் தருவார்கள். விற்றே ஆக வேண்டுமென்றால், அது எதற்கான கருவி, யாருடையது, எந்த ஊர் என்று ஒரு சீட்டு எழுதிக் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் தாத்தாவின் கத்தி இப்போது எங்கே?

என் பட்டறைச் சுவரில், வெயிலும் மழையும் படாத பக்கம் மாட்டியிருக்கிறது. அந்தச் சுண்ணாம்பை நான் துடைக்கவில்லை. ஒரு அட்டையில் நீளம், எடை, தாத்தா பெயர், வேலை செய்த ஊர், "தோலில் சதை எடுக்கும் கத்தி, தள்ளிப் பயன்படுத்துவது" என்று எழுதிப் பிடியில் கட்டியிருக்கிறேன். போன பொங்கலுக்கு ஆயுதங்களுக்குப் பொட்டு வைத்தபோது, அம்மா அட்டையை வாங்கி, அதன் அடியில் தன் கையெழுத்தில் "இடது கை" என்று சேர்த்தாள்.